உரிமை கோரப்படாத ஐந்து மீன்கள்

இராஜபாளையம்
4.11.2024

பொன்னுராஜுக்கு,

இங்கே நானும் உமது அக்காள் மாரிக்கனியும் குழந்தை முத்துப்பேச்சியும் சுகம். மீன்கள் மட்டும் சுகமில்லை. அங்கே மாமாவின் மூட்டுவலிக்குப் புது மாத்திரை கேட்கிறதா என்று தெரிவிக்கவும்.

அரைமணி நேர பஸ் தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர். போனில் பேசியதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம். நான் ஏட்டு ஆனதிலிருந்து ஸ்டேஷனில் ரைட்டர் வேலைதான் பார்க்கிறேன். எழுத்தில் வராத எதுவும் நடந்ததாக எனக்குக் கணக்கில்லை. நீரும் எழுத்திலேயே பதில் தரவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் எங்கள் கிரகப்பிரவேசத்துக்குப் பிறந்த வீட்டுச் சீராக மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும், உமது கடையிலிருந்தே ஆறு தங்கமீன்களும் கொண்டுவந்து வைத்தீர். ஐந்து சிவப்பு, ஒன்று கருப்பு. கருப்புக்குக் கண் இரண்டும் பிதுங்கி இருந்தது. பிறவியிலேயே அப்படி என்றீர். நம்பினேன்.

நேற்றுக் காலை அந்தக் கருப்பு மீன் செத்து மிதந்தது. ஒரு கண்ணைக் காணோம். வால், பிளேடு வைத்துக் கிழித்தது போல் இழையிழையாகத் தொங்கியது. தொட்டியின் மூடி மூடியபடி இருந்தது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு தம்பி, நல்லதுதான்" என்றார்கள். உமது அக்காளும் அதற்குத் தலையாட்டினாள். கண்டம் என்றால் உயிரை எடுத்துக்கொண்டு போகட்டும். கண்ணை ஏன் தனியாகப் பிடுங்க வேண்டும்?

ஆகவே வெளிப்படையாகக் கேட்கிறேன். போன சித்திரையில் வாகனச் சோதனையில் உமது வண்டி பிடிபட்டது. ஆர்.சி. புக் கையில் இல்லை. எனக்குப் போன் செய்தீர். பேப்பர் இல்லையென்றால் வண்டி நிற்கத்தான் வேண்டும் என்றேன். கவர் கவராக நீர் கட்டி வைத்திருந்த மீன்கள் வெயிலில் வெந்து போயின. மனு கொடுக்க வருகிற பார்ட்டியிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தவன் இல்லை நான். சொந்தக்காரனுக்காகச் சட்டத்தை வளைத்தவனும் இல்லை. அது உமக்கு மனதில் இருக்கிறதா, இல்லையா? மீன் கொடுக்கும்போதே அதற்கு நோய் இருந்ததா? இருந்தது என்றால், தெரிந்து கொடுத்தீரா, தெரியாமலா?

பேச்சிக்கு நடை வந்துவிட்டது. நாளெல்லாம் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். தை மாதக் கடைசி ஞாயிறு குலதெய்வம் கோவிலில் காதுகுத்து என்று முடிவு செய்திருக்கிறோம். மற்றவை உமது பதில் கண்டு.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.11.2024

அத்தானுக்குப் பொன்னுராஜ் வணக்கமாக எழுதுவது.

இங்கே எல்லாரும் நல்லபடி இருக்கிறோம். புது மாத்திரையில் அப்பாவுக்கு வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அக்காளையும் பேச்சியையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் கடையை விட்டு நகரவே இல்லை. "என்னய்யா இது, இந்தா இருக்குற ராசபாளையத்துல இருந்து கடுதாசியா? உங்க அத்தான் போனுக்கு ரீசார்ஜ் பண்ணலையா?" என்றார். போலீஸ்காரர் எழுதியது என்றதும் சைக்கிளை எடுத்துவிட்டார்.

கேட்டதற்குப் பதில். அந்த ஆறு மீனும் சீருக்கு முன்னால் ஒரு மாதம் என் கடையில் தனித்தொட்டியில் இருந்தவை. நோய் கிடையாது. கருப்பு மீனை நாங்கள் பிளாக் மூர் என்போம். கண் பெரிதே தவிரப் பார்வை மந்தம். பக்கத்தில் வருவது யார் என்று கண்டு விலகத் தெரியாது.

வண்டி விஷயம் மனதில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. இல்லை என்று எழுத்தில் பொய் சொல்ல மாட்டேன். ரோட்டோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கவராக மீன் செத்து வெள்ளையாகிறதைப் பார்த்தவன் நான். ஆனால் அதற்காக என் அக்காள் வீட்டு நடுக்கூடத்துக்குச் சீக்கு மீனைக் கொண்டுவந்து வைக்கிறவன் இல்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கண் போய், வால் கிழிந்திருந்தால் அது நோய் இல்லை, வாய். தொட்டியில் வேறு ஏதாவது மீன் விட்டீர்களா?

காதுகுத்துக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டேன். அக்காளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். பேச்சி என் மடியில் உட்கார்ந்து என்னைக் கடித்து வைத்தாலும் சரி, கையை எடுக்க மாட்டேன்.

பதில் எதிர்பார்க்கும்,
பொன்னுராஜ்


இராஜபாளையம்
25.11.2024

பொன்னுராஜுக்கு,

வீட்டில் யாவரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது, மாமாவுக்குக் காலையில் வெந்நீர் கொடுக்கவும்.

இரண்டாவது மீனும் செத்துவிட்டது. இது சிவப்பு. வாலே இல்லை. மூன்றாவது ஒன்று மூலையில் தலையைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இதைச் சந்தேக மரணம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பவ இடத்தைச் சோதித்தபோது தொட்டியின் அடியில் கரையாத கல் உப்பு கண்டேன். உமது அக்காளைக் கேட்டேன். முதலில் "திருஷ்டிக்குச் சுத்திப் போட்டேன்" என்றாள். திருஷ்டி கழித்த உப்பைத் தெருவில் போடுவார்களா, தொட்டியில் போடுவார்களா என்று கேட்டதும் அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு, தம்பிதான் போனில் சொன்னான் என்று ஒத்துக்கொண்டாள். என் வீட்டுத் தொட்டியில் எனக்குத் தெரியாமல் உப்புப் போடச் சொன்ன நீர், உமது கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன்?

வேறு மீன் விட்டேனா என்று கேட்டிருந்தீர். நீர் கொடுத்த மீன்களைத் தவிர, நீர் கொடுத்த மீன் எதுவும் தொட்டியில் இல்லை.

இதில் தெளிவு வரும்வரை இரண்டு வீட்டுக்கும் இடையில் போன் வேண்டாம் என்று மாரிக்கனியிடம் சொல்லிவிட்டேன். காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். உமது சித்தப்பா மகன் கண்ணுச்சாமி ராணுவத்திலிருந்து தையில் லீவுக்கு வருகிறார். அவரும் மாரிக்கனிக்குத் தம்பி முறைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.11.2024

அத்தானுக்கு வணக்கம்.

அப்பாவுக்குத் தினமும் வெந்நீர்தான். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டவில்லை; காட்டினால் இப்போதே பஸ் ஏறிவிடுவார்.

உப்பு நான் சொன்னதுதான். அக்காள் முதல் மீன் செத்த அன்றைக்கே போனில் அழுதாள். கிழிந்த வாலில் புண் பரவாமல் இருக்க வாரம் ஒரு பிடி கல் உப்புப் போடுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. பாவம் செய்தவளைப் போல அவளை விசாரித்திருக்கிறீர்கள். கடிதத்தில் எழுதாதது என் தப்பு. எழுதினால் அவளை அன்றைக்கே கேள்வி கேட்பீர்கள் என்று விட்டேன். இப்போது எழுதாததற்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

"நீர் கொடுத்த மீன்களைத் தவிர, நீர் கொடுத்த மீன் எதுவும் இல்லை" என்ற வரியைப் பல தடவை படித்தேன். எழுதிப் பழகிய கை எழுதிய வரி. அதில் பொய் இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

கண்ணுச்சாமி நல்ல பையன். மிலிட்டரி. மடியில் பிள்ளையை வைத்துப் போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும். நான் தேரடியில் மீன் விற்கிறவன், கையில் எப்போதும் பாசி வாடை. என்னை ஒதுக்குவதற்கு மீன் ஒரு சாக்கோ என்று எனக்கும் சந்தேகம் வருகிறது அத்தான். சந்தேகம் உங்கள் டிபார்ட்மெண்டுக்கு மட்டும் சொந்தமில்லையே. கூடப் பிறந்த தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் வைத்துக் காது குத்தினால், அப்புறம் நான் அந்த வாசலுக்கு எந்த முகத்தோடு வருவது?

செத்த மீனை எடுத்து வைத்திருந்தால் அனுப்பவும். பார்த்தால் சொல்லிவிடுவேன்.

அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

பொன்னுராஜ்


இராஜபாளையம்
12.12.2024

பொன்னுராஜுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

இத்துடன் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றில், ஐஸ் பெட்டியில் பாதுகாக்கப்பட்டிருந்த மீன் பிரேதங்கள் இரண்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உமது கடை வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப்படுகின்றன. அவரிடம் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லவில்லை. பார்வையிட்டு அபிப்பிராயம் எழுதவும். டப்பா உமது அக்காளுடையது, திரும்ப வேண்டும்.

ஜெயபாண்டி


(அதே டப்பாவின் மூடிக்குள், நாலாக மடித்த காலண்டர் தாளில்)

தம்பி பொன்னுராசுக்கு, அக்கா எழுதிக்கிட்டது.

நல்லா இருக்கியாடே? நேரத்துக்குச் சாப்பிடு. உங்க அத்தான் போன்தான் பேசக்கூடாதுன்னாரு, எழுதக்கூடாதுன்னு சொல்லல. அதான் எழுதுதேன்.

ஒரு மாசமா ஐஸ் பெட்டியில இட்லி மாவுக்கு மேல பொணத்த வச்சிருந்தாரு. தொறந்தா ஒத்தக் கண்ணால அது என்னையப் பாக்குது. எடுத்து வெளிய போடுங்கன்னா "கேஸ் சொத்துட்டி அது, கை வைக்காத"ங்காரு.

நீ வேற மீனு இருக்கான்னு கேட்டியாமே. இருக்கு. நீ குடுத்தது இல்ல. சின்னச் சின்னதா அஞ்சு, மஞ்சள்ல கருப்புக் கோடு, புலிக்குட்டி மாதிரி. தீவாளிக்கு முந்தி ஒரு நாள் சாயங்காலம் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தாரு. ஏதுன்னு கேட்டா "கடையில வாங்குனேன்"னாரு. எந்தக் கடைன்னதும் யூனிபாரத்த மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. கவர்ல வேலுசாமி கடை பேரு இருந்துச்சு, இங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.

பேச்சிக்கு அந்தக் கோட்டு மீனுன்னா உசுரு. "புய்யி, புய்யி"ன்னு அதத்தான் கூப்பிடுவா. நீ குடுத்ததத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, கோவிச்சுக்காத. கோட்டு மீனு அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு. சீக்கு வந்தா அதுக்கும்ல வரணும்? எனக்கு ஒண்ணும் புரியல.

உன் மடியிலதான் எம்பிள்ளைக்குக் காது குத்தணும். அதுக்கு ஒரு வழி பண்ணு.

மாரிக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.12.2024

அக்கா,

நாங்கள் சுகம். டப்பாவைப் புளி போட்டு விளக்கித்தான் அனுப்புகிறேன். வெறும் டப்பா திருப்பித் தரக்கூடாது என்பாயே, கைக்குக் கிடைத்த காராச்சேவைப் போட்டிருக்கிறேன். கடிதம் சேவுக்கு அடியில் இருக்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மீனைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, உன் தாளே போதும். அது டைகர் பார்ப். ஒரு விரல் நீளம்கூட வராது, ஆனால் தொங்குகிற வாலைக் கண்டால் கடிக்காமல் விடாது. கண் மந்தமான கருப்பு மீனைத்தான் முதலில் பிடித்திருக்கிறது.

வேலுசாமி எனக்குத் தெரிந்தவன்தான். இரண்டு பேரும் ஒரே லோடு வண்டியில்தான் மீன் இறக்குகிறோம். நேற்றுப் பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்க அத்தான் ஏட்டையா ரொம்ப தங்கமான மனுசன்யா" என்றான். இவனுடைய தொலைந்த செல்போனுக்கு அத்தான் அலைக்கழிக்காமல் மனு எழுதி வாங்கி ரசீது கொடுத்தாராம். போன் கிடைத்ததும் இவன் நன்றிக்கு ஒரு கவர் மீனோடு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். "காச எடுத்தாரு, நான்தான் வாங்க மாட்டேன்னுட்டேன். வேண்டவே வேண்டாம்னு தள்ளுனாரு. நான் கவரத் தூக்கிக் காட்டி, உங்க பாப்பா பாத்தாச் சிரிக்கும் ஏட்டையான்னேன். செத்த நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு வாங்கிக்கிட்டாரு" என்றான்.

அக்கா, ஒரு டீ வாங்கிக் குடிக்காதவர் என்று ஊரெல்லாம் சொல்கிற மனுஷன். என் வண்டி வெயிலில் நின்ற அன்றைக்கு அந்தப் பேச்சைத்தான் என்னிடம் சொன்னார். இன்றைக்கு அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கேட்டால் நான் ஜெயித்துவிடுவேன். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன், நன்றாகவும் வந்தது. ஆனால் அதைப் பிரித்துப் படித்த கையால் அவர் பேச்சியை என் மடியில் உட்கார வைக்க மாட்டார். ஆயுசுக்கும் மாட்டார்.

நீயும் கேட்காதே. அந்த அஞ்சையும் நீயாக எடுத்து எங்கேயும் விட்டுவிடாதே. அப்புறம் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும். உனக்கு எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தம்பி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.1.2025

அத்தானுக்குப் புத்தாண்டு வணக்கம். அக்காளுக்கும் பேச்சிக்கும் அன்பு.

நீங்கள் அனுப்பிய மீன்களைப் பார்த்தேன். இன்னதுதான் காரணம் என்று நான் சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவனே தீர்ப்பும் எழுதியது போல ஆகிவிடும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். தங்கமீனோடு எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதை மட்டும் எழுதுகிறேன். சீர் கொடுத்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

தங்கமீன் சாது. உடம்பு பெருத்து, மெதுவாகத்தான் நீந்தும். குளிர்ந்த தண்ணீர் போதும். நிறையத் தின்னும், தின்றதற்கு மேல் அழுக்குப் போடும். சாது என்றாலும் வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். ஆகவே கப்பியும் நியானும் அதோடு கூடாது. ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், பிணம்கூடக் கிடைக்காது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனை விற்பார்கள். குட்டியாக இருக்கும்வரை பாசியைத் தின்னும். வளர்ந்ததும், அசந்து நிற்கிற தங்கமீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பை உறிஞ்சும். ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். ஒன்றுக்குச் சரி செய்தால் மற்றதற்கு ஆகாது. டைகர் பார்ப் வேகமான மீன், நீளமான வாலைக் கடிக்கிற பழக்கம் உண்டு. ஃபைட்டர் ஆண் மீன் யாரோடும் ஒத்துப் போகாது.

தங்கமீனிலேயே நீள உடம்புள்ள ஜாதி ஒன்று இருக்கிறது. அதை உருண்டை உடம்புக்காரனோடு விட்டால் தீனி முழுவதையும் அது முந்திக்கொள்ளும். சண்டை இருக்காது; மற்றது பசியிலேயே மெலிந்து போகும். தங்கமீனுக்கு ஏற்ற துணை இன்னொரு தங்கமீன்தான், அதுவும் அதே வேகத்தில் நீந்துவதாக இருக்க வேண்டும்.

கூடாததைக் கூட விட்டவர்கள் எத்தனையோ பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. முக்கால்வாசிப் பேர் பிள்ளைகள் ஆசைப்பட்டது என்றுதான் சொல்வார்கள். எடுத்துத் தனியாக விட்டால், கிழிந்த வால் தானாக வளர்ந்துவிடும்.

உடம்பைக் கவனிக்கவும்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.1.2025

அத்தானுக்கு,

அங்கே எல்லாரும் சுகமா? என் கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. பொங்கலுக்கு அக்காள் வீட்டுக்குச் சீரைக் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய தம்பி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். "கரும்பு நீளமா இருக்கு, அதுக்கும் அரை டிக்கெட் எடு" என்று அவர் வேறு கேலி செய்கிறார்.

கண்ணுச்சாமி லீவில் வந்துவிட்டான். நேற்றுக் கடைக்கு வந்தான். "அண்ணே, அத்தான் எனக்குப் போன் போட்டாரு. எந்த தேதி வரை லீவுன்னு கேட்டாரு. எதுக்குண்ணே?" என்றான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவன் போன பிறகு கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

மேற்கொண்டு எழுத எதுவும் இல்லை. பட்டு வேட்டி பீரோவில் இருக்கிறது.

பொன்னுராஜ்


இராஜபாளையம்
24.1.2025

பொன்னுராஜுக்கு,

அனைவரும் சுகம். பதில் எழுதத் தாமதம். திருவிழா பந்தோபஸ்து என்று எழுதினால் நீர் நம்ப மாட்டீர் என்பதால் எழுதவில்லை.

தங்கமீன்கள் மரணம் தொடர்பான விசாரணை முடிக்கப்பட்டது. கொடுக்கும்போது மீன்களுக்கு நோய் இல்லை. உப்பு, புண்ணுக்காகப் போடப்பட்டது. உம் மீதும் மாரிக்கனி மீதும் சந்தேகம் இல்லை. இதை அவளிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். "இத எழுதிக் குடுங்க, பிரேம் போட்டு மாட்டணும்" என்றாள்.

தொட்டியைச் சோதித்தபோது, உரிமை கோரப்படாத நிலையில் கோடு போட்ட சிறிய மீன்கள் ஐந்து கண்டெடுக்கப்பட்டன. அவை வந்த வழி குறித்து வீட்டில் எவரும் வாக்குமூலம் தரவில்லை. காற்றடைத்த கவரில், வழக்கமான கண்டக்டர் கையில், உயிருடன் அனுப்பப்படுகின்றன. உமது பொறுப்பில் வைத்துக்கொள்ளவும்.

உமது கடிதத்தில் ஏழு வகை மீன்களைப் பற்றி எழுதியிருந்தீர். எனக்குத் தேவைப்பட்டது ஒரு வரி. மற்ற வரிகளை எதற்காக எழுதினீர் என்பது எனக்கு விளங்கியது. அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது, எழுத வரவில்லை.

பொங்கல் சீரில் இருந்த பால்கோவாவை, விசாரணை முடியாததால் தொடாமல் வைத்திருந்தேன். பேச்சி தொட்டுவிட்டாள்.

ஜெயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.2025

அத்தானுக்கு வணக்கம்.

இங்கே எல்லாரும் சுகம். மீன்கள் ஐந்தும் உயிரோடு வந்து சேர்ந்தன. ரசீது வேண்டும் என்றால் இதையே ரசீதாக வைத்துக்கொள்ளவும். அதே ஜாதியில் இன்னும் ஏழெட்டைக் கூட விட்டிருக்கிறேன். தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு திரிகின்றன, இனி அடுத்தவர் வாலுக்குப் போகாது.

எங்கள் மீன் என்று யாராவது தேடி வந்தால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிவிக்கவும். பத்திரிகை அச்சாகிவிட்டதா என்பதையும் தெரிவிக்கவும். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் வந்தால் நல்லது.

பொன்னுராஜ்


இராஜபாளையம்
31.1.2025

மாப்பிள்ளை பொன்னுராஜுக்கு,

நாங்கள் நலம். மாமாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும்; கோவில் படியில் தூக்கி ஏற்றி இறக்க நாற்காலிக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பத்திரிகை இத்துடன் இருக்கிறது. உன் பெயரை அச்சகத்தில் பெரிய எழுத்தாகப் போட்டுவிட்டார்கள். நான் சொல்லித்தான் போட்டார்கள். கண்ணுச்சாமியிடம் லீவுத் தேதி கேட்டது பந்தல் வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக. முதலில் அதற்காக இல்லை. இப்போது அதற்காக.

மீனைத் தேடி யாரும் வர மாட்டார்கள். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடைக்குப் போய், ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த விஷயம் முடிந்தது.

மூலையில் நின்ற மீனுக்கு வால் முளைக்கிறது. நாலும் நன்றாகத் தின்கின்றன. ஆனால் பேச்சி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நாளெல்லாம் எதையோ தேடுகிறாள். ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எதை என்று நான் விசாரிக்கவில்லை.

கோடு போட்டது மாதிரி இருந்து, தங்கமீனோடு அடங்கி இருக்கிற மீன் ஏதாவது உண்டா? இருந்தால் காதுகுத்துக்கு வரும்போது கொண்டு வா. விலையை நான் கொடுப்பேன், நீ வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியில் வந்தால் பேப்பர் எல்லாம் எடுத்துக்கொள். அன்றைக்கு நான் ஸ்டேஷனில் இருக்க மாட்டேன். இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

இதற்கு நீ எழுத வேண்டாம். பதில் நேரில் போதும்.

ஜெயபாண்டி